எந்த விரல் மரத்துப்போகிறது?

கை, மணிக்கட்டு வலிகளுக்கு பிசியோதெரபி பார்ப்பவள் நான். கணினி வேலையால் கை கெட்டுப்போனவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பாதிப் பேர் வெறுமனே "கை வலிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடம், எந்த விரல், எந்த நேரம் என்று சேர்த்துச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. உதறினால் சரியாகிறது. பகலில் டைப் செய்யும்போது பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்த ஓட்டக் கோளாறா, அக்கா?

பதில்: எல்லோரும் முதலில் ரத்த ஓட்டத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் இது நரம்பு. அடுத்த முறை விழித்ததும், உதறுவதற்கு முன்னால், எந்தெந்த விரல் என்று தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி என்றால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்குப்படுகிறது. கார்பல் டனல் என்று சொல்வது இதைத்தான். எலும்புக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே குறுகலான வழி. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு இந்த நரம்பும் அதற்குள் முண்டியடித்துக்கொண்டு போகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் அங்கே அழுத்தம் கூடும். ராத்திரியில் எழுப்பிவிடுவது அதனால்தான்.

மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளிண்ட் ஒன்றை, இறுக்கிக் கட்டாமல், இரவில் மட்டும் 6 வாரம் போட்டுப் பாருங்கள். சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கர்ப்ப காலத்திலும் இது வரும். பழியை முழுக்க கீபோர்டு மேலேயே போட்டுவிட முடியாது.

கேள்வி: எனக்கும் மரத்துப்போகிறது, ஆனால் சுண்டுவிரல். அதே ஸ்ப்ளிண்ட் போடலாமா?

பதில்: வேண்டாம், அது வேறு நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதையும், கையை மடக்கியபடி மணிக்கணக்கில் போன் பார்ப்பதையும் நிறுத்துங்கள். தூங்கும்போது முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் முழுக்க மடங்காது.

கேள்வி: முழங்கையின் வெளிப்பக்கம் வலி. விலை கூடிய செங்குத்து மவுஸ் வாங்கியும் போகவில்லை.

பதில்: மவுஸை மாற்றினீர்கள், சரி. அது இருக்கும் இடத்தை மாற்றினீர்களா? முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, கையை நேரே முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை எங்கே போகிறதோ, மவுஸ் அங்கே இருக்க வேண்டும். பலருக்கு அந்த இடத்தில் கீபோர்டின் எண் பகுதி உட்கார்ந்திருக்கும். அது மவுஸை வலப்பக்கம் தள்ள, கை நாள் முழுக்க விரிந்தே கிடக்கும். எண் பகுதி இல்லாத சின்ன கீபோர்டு, என்னைக் கேட்டால், எந்தப் புது மவுஸையும்விட உபயோகமானது.

இன்னொன்று. இடது உள்ளங்கையை வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத் தசையின் மேல் வையுங்கள். இப்போது வலது ஆள்காட்டி விரலை, கிளிக் செய்யக் காத்திருப்பதுபோல, லேசாகத் தூக்குங்கள். தசை இறுகுவது தெரிகிறதா? எதையும் அழுத்தாமல் வெறுமனே படித்துக்கொண்டிருக்கும்போதும் அது இப்படித்தான் உழைக்கிறது. படிக்கும் நேரத்தில் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் போடுங்கள்.

கேள்வி: இதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும் என்கிறார்களே?

பதில்: சீக்கிரம் குறையும், சில வாரங்களுக்கு. ஆனால் முழங்கை வலியில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே தேவலை என்ற நிலைதான் ஆய்வுகளில் தெரிகிறது. நான் பயிற்சியைத்தான் சொல்வேன். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தூக்கிவிட்டு, மெதுவாக இறக்குங்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் அது நீடித்தால் எடையைக் குறையுங்கள். மாதக்கணக்கில் ஆகும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு மாதம் லீவு போட்டேன், வலி போய்விட்டது. வேலைக்கு வந்த மூன்றாம் நாளே திரும்பிவிட்டது.

பதில்: ஓய்வில் வலி அடங்கும், தசை பலமாகாது. ஒரு மாதம் சும்மா இருந்த கைக்கு முதல் நாளே முழு வேலை கொடுத்தால் தாங்குமா? பாதி வேலையில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டுங்கள். மீதியைக் குரல் தட்டச்சில் செய்யலாம். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். மதியம் ஒரே மூச்சாக அரை மணி ஓய்வெடுப்பதைவிட இது மேல்.

கேள்வி: மணிக்கட்டுத் திண்டு வாங்கலாமா?

பதில்: டைப் செய்யாத இடைவெளியில் கையை வைக்க மட்டும். அதில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டே டைப் செய்தால் இல்லாத வலியும் வரும்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போவது?

பதில்: மரத்துப்போவது வந்து வந்து போகாமல் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால், பிடித்த பொருள் நழுவினால், பயிற்சி, ஸ்ப்ளிண்ட் என்று நாளைக் கடத்த வேண்டாம். இப்போதே இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை மேடு ஒரு கையில் மட்டும் தட்டையாகியிருந்தால், இந்த வாரமே போய் நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தச் சதை ரொம்பக் கரைந்துவிட்டால், அறுவை சிகிச்சை செய்தாலும் முழுதாகத் திரும்புவது கஷ்டம்.