கொத்தக் கொத்தக் கோரை பெருகுகிறதே, என்ன செய்ய?

கேள்வி: கொழும்பு மட்டக்குளியில் கடலுக்குக் கிட்ட வீடு, வளவு முழுக்க மணல். மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறேன். கோரையைக் கொத்தி எடுத்தால் இரண்டு கிழமையில் முன்பைவிட அடர்த்தியாக வருகிறது. புல்லுக்கு அடிக்கும் மருந்துக்கும் சாகவில்லை.

பதில்: தம்பி, முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். நீங்கள் கொத்தியதால்தான் இவ்வளவும். கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் மாலை கோத்த மாதிரி தொடராகக் கிடக்கும். தொடர் அறாமல் இருக்கும்வரை பெரும்பாலும் நுனிக் கிழங்குதான் முளைக்கும், மற்றவை உறங்கும், மண்வெட்டி பட்டுத் துண்டானால் உறங்கியவையும் எழும்பிவிடும்.

மருந்து வேலை செய்யாததற்குக் காரணம், கோரை புல்லே இல்லை. தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தெரியும். எல்லாப் பச்சையையும் கொல்லும் க்ளைபோசேட் களைக்கொல்லியை அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மிளகாய்க்கு நடுவில் வேண்டாம், தெறித்தால் மிளகாயும் போய்விடும்.

சரி, வழி என்ன? தை, மாசியில் கொழும்பில் மழை குறையும்போது ஒரு பாத்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். முள் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு நெம்பி, மணலைச் சலித்துக் கிழங்கைத் தொடரோடு எடுங்கள். களிமண்காரருக்கு இது நடக்காத காரியம், உங்களுக்கு மணல் கொடுத்த வரம். எடுத்ததைச் சீமெந்துத் தரையில் பரப்பி, சுருங்கி வற்றும்வரை நல்ல வெயிலில் காயவிடுங்கள், பச்சையாகக் குப்பைக் கிடங்கில் போட்டால் எருவோடு திரும்பி வந்துவிடும். (கலாந்துரு என்று நாட்டு மருந்துக் கடைகளில் காசுக்கு விற்பதும் இதே கிழங்குதான்!)

தப்பியவை முளைக்கும், முளைக்கட்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிடுங்குங்கள், விட்டுவைத்தால் புதுக் கிழங்கு கட்டும். அப்புறம் அந்தப் பாத்தியில் ஒரு போகம் வற்றாளை (சர்க்கரைவள்ளி) படரவிடுங்கள், கோரைக்கு நிழல் ஆகாது. கறுப்புப் பொலித்தீனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வரும்.

ஒன்று மட்டும் பார்த்துச் செய்யுங்கள். கடல் பக்கத்து வேலியோரம், உருண்டைத் தலையாகப் பூத்து மணலுக்குள் நீளமாக வேரோடிப் படரும் கோரை ஒன்று இருக்கலாம். அது மணல்மேட்டுக் கோரை, வேறு இனம். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான், அதில் கை வைக்காதீர்கள்.