அமெரிக்காவில் மான் வேட்டையாடினால் வீட்டுக்கு எவ்வளவு கறி தேறும்? வெட்டித் தரக் கடையில் கொடுப்பது லாபமா?

நான் வேட்டைக்குப் போவது பென்சில்வேனியாவில். அங்கே நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும். லைசென்ஸ், பயிற்சி வகுப்பு, ஆரஞ்சு மேலாடை விவரமெல்லாம் மாநில வேட்டைத் துறையின் தளத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டது கறியைப் பற்றி, அதற்கே வருகிறேன்.

குடல் எடுத்தபின் 120 பவுண்டு இருக்கும் வெள்ளைவால் மானில், எலும்பில்லாத கறி 50 பவுண்டு தேறினால் நல்லது. தலை, தோல், எலும்பு போக, குண்டு பாய்ந்த இடத்தில் ரத்தம் கட்டிய சதையையும் கழித்துவிடுவார்கள். முழு மானைக் கொடுத்தால் ஒரு பெட்டிதான் திரும்பி வந்தது என்று கடைக்காரரைச் சந்தேகிப்பவர்கள் இந்தக் கழிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

ருசியில் பாதி காட்டிலேயே முடிவாகிவிடும். மான் விழுந்ததும் குடலை எடுத்துவிட வேண்டும். இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க, விரல்களுக்கு நடுவே மெல்ல நகர்த்துவேன். குடலிலோ மூத்திரப்பையிலோ முனை பட்டால் வேலை கெட்டது. அப்புறம் நெஞ்சுக்கூட்டில் ஒரு குச்சியைக் கொடுத்து அகட்டி வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கும். கறி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வர வேண்டும். பிக்கப் வண்டியில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு ராத்திரி கடைக்குப் போய், கறியில் வாடை அடிக்கிறது என்று மானைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடையில் முதலில் கேட்க வேண்டியது, என் மானைத் தனியாக வெட்டித் தருவீர்களா என்பதுதான். கொத்துக்கறிக்கும் சாசேஜுக்கும் சில கடைகளில் பலருடைய மானைச் சேர்த்தே அரைப்பார்கள். மானை உருக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் உள்ள பகுதியென்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த நோய்க்குக் காரணமான பிரியான் என்கிற கெட்டுப்போன புரதம் சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை என்றாலும், பரிசோதனையில் நோய் தெரிந்தால் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை.

கொழுப்பைச் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். மான் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். கொத்துக்கறியில் பன்றிக் கொழுப்பு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். பர்கருக்கு என்றால் சரி, குழம்புக்கு வேண்டாம். முதுகுக்கறியை மட்டும் துண்டு போடாமல் நீளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

லாபமா? வெட்டுக்கூலி சாதாரணமாக 100 டாலரைத் தாண்டும், சாசேஜுக்குத் தனி. லைசென்ஸ், துப்பாக்கி, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் மாட்டுக்கறியே மலிவு. ஆனால் வேட்டையாடிய மானின் கறியை விற்கச் சட்டத்தில் இடமில்லை. கடையில் கிடைப்பது பண்ணை மான், அதிலும் நிறைய நியூசிலாந்திலிருந்து வருவது, விலையும் அதிகம். அதோடு ஒப்பிட்டால் லாபம்தான். இரண்டாவது மான் கிடைத்து ஃபிரீசரில் இடமில்லை என்றால், ஹன்ட்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கடையில் கொடுத்துவிடுங்கள், கறி உணவு வங்கிகளுக்குப் போய்விடும்.