வாசகர் கேள்வி – பதில்: பித்தளையைக் காய்ச்சி ஆற்றுதல்

இம்முறை வந்த கடிதங்களில் பித்தளையைக் காய்ச்சி ஆற்றுவது பற்றியவையே மிகுதி. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: கோயில் வாகனங்களுக்கும் கவசங்களுக்கும் பித்தளைத் தகடு அடித்து வருகிறேன். மூக்கு, முழங்கால் போன்று உருவம் ஆழமாகும் இடங்களில் தகட்டில் வெடிப்பு விழுகிறது. என் ஐயா காய்ச்சிய தகட்டைச் சூட்டோடு தண்ணீரில் தோய்ப்பார். அப்படித் தோய்த்தால் இரும்பைப் போல இறுகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். எது சரி?
– நல்லூர் வாசகர்

பதில்: உங்கள் ஐயா செய்ததுதான் சரி. காய்ச்சித் தோய்த்தால் இறுகுவது கரி சேர்ந்த உருக்கின் குணம். பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை. தகட்டுப் பித்தளையை மெல்ல ஆறவிட்டாலும் தண்ணீரில் தோய்த்தாலும் மென்மையில் சொல்லத்தக்க வேறுபாடு வராது. தோய்த்தால் வேலை விரைவாகும், மேலே படிந்த கருப்பும் ஓரளவு உதிரும், அவ்வளவுதான்.

வெடிப்புக்குக் காரணம் வேறு. அடிக்க வசதியான பித்தளை என்பது ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் (துத்தநாகமும்) கலந்தது. சுத்தியல் படும்போது அதனுள் இருக்கும் நுண்மணிகள் (சிறு படிகங்கள்) நசுங்கி நீள்கின்றன. அணுவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சென்று, கடைசியில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நகர மறுக்கின்றன. தகடு விறைப்பதும், சுத்தியலின் ஓசை கணீரென்று மாறுவதும் அப்போதுதான். அதற்கு மேலும் அடித்தால் வளைய வழியில்லாத உலோகம் பிளந்து இடம் விடுகிறது. சூடேற்றும்போது நசுங்கிய மணிகளுக்குள்ளேயே புதிய மணிகள் முளைத்து, பழையவற்றை விழுங்கி வளர்கின்றன; தகடு மறுபடி மென்மையாகிறது. அடிபட்டது எவ்வளவு, சூடு எவ்வளவு நேரம் நின்றது என்பவற்றைப் பொறுத்து இம்மாற்றம் சுமார் 300 பாகை செல்சியசிலேயே தொடங்கக்கூடும்; தொழிற்சாலைகள் 425 முதல் 750 பாகை வரை பயன்படுத்துகின்றன.

பட்டறையில் வெப்பமானி இராது, கண்தான் அளவுகோல். நிழலில் வைத்துப் பார்க்கும்போது மங்கிய சிவப்புத் தட்டும் அந்தக் கணத்தில் சுடரை விலக்கிவிடுங்கள். யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் முற்றத்தில் நின்று காய்ச்சுபவருக்கு அந்த மங்கிய சிவப்பு தெரியவே தெரியாது. அவர் கண்ணுக்குச் சிவப்பாகப் படும்போது தகடு அளவு கடந்து காய்ந்திருக்கும். அப்படிக் காய்ந்தால் மணிகள் பெருத்து, அடுத்த அடியில் மேற்பரப்பு தோடம்பழத் தோல் போலச் சொரசொரத்துவிடும். பெருத்த மணிகளை இன்னொரு முறை காய்ச்சிச் சிறிதாக்க முடியாது. நன்றாக அடித்த பிறகு அளவாகக் காய்ச்சினால்தான் திரும்பும். வெண்புகை எழுந்தால் நாகம் ஆவியாகிறது என்று பொருள். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் காணும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்திலேயே காய்ச்சுங்கள்.

இன்னொன்று, தகடு சூடாக இருக்கும்போதே அடிக்க வேண்டாம். பழைய பித்தளையை உருக்கி எடுத்த தகட்டில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். சூட்டில் அது மணிகளின் விளிம்பிலிருந்து இளகி, தகட்டைப் பொருபொருக்கச் செய்துவிடும். முழுதாக ஆறிய பின் அடியுங்கள், ஓசை மாறியதும் நிறுத்தி மறுபடி காய்ச்சுங்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகு காய்ச்சுவதால் பயனில்லை.

கேள்வி: காய்ச்சிய தகட்டின் கருப்பைப் போக்க நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டேன். கருப்புப் போனது, ஆனால் தகடு செம்பு நிறமாகிவிட்டது. நாகம் போய்விட்டதா?
– மானிப்பாய் வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. இரும்புக் குறட்டால் தகட்டை எடுத்திருப்பீர்கள். பலமுறை பயன்படுத்திய அமிலத்தில் செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அது வெளியேறித் தகட்டின் மேல் படிகிறது. செம்புக் குறடோ மரக்குச்சியோ பயன்படுத்துங்கள். மெல்லிய படிவாதலால் தேய்த்தால் போய்விடும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றலாம், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. சிறிய வேலைகளுக்குப் பழப்புளிக் கரைசல் போதும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அண்ணா அனுமதிப் பத்திரத்துடன் மான் வேட்டைக்குப் போகிறவர். சுட்ட பித்தளை ரவைக்கோதுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார். அதற்கு முன் கோதின் கழுத்தை மட்டும் சுடரில் காட்டி எடுக்கிறார். முழுக்கோதையும் காய்ச்சினால் என்ன என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். காரணம் என்ன?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: அண்ணா சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது, சொல்லியும் இருக்கலாம். ரவைக்கோதின் இரு முனைகளுக்கும் நேரெதிரான இரண்டு வேலைகள். கழுத்து ரவையைப் பிடித்திருக்க வேண்டும். சுடும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். பிறகு சற்றே சுருங்கி வெளியே வர வேண்டும். இதற்கு மென்மை தேவை. அடிப்பகுதியோ தீப்பற்றும் மூடியை இறுக்கிப் பிடித்தபடி, வளிமண்டல அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அங்கே பித்தளை விறைப்பாக இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, மறுபடி நிரப்புமுன் அச்சில் செலுத்தும்போது சுருக்கப்படுகிறது. உங்கள் ஊர்த் தட்டார் தகட்டில் சுத்தியல் செய்யும் வேலையையே இங்கே அழுத்தமும் அச்சும் செய்கின்றன. சில தடவைகளில் கழுத்து விறைத்து நெடுக்காகப் பிளக்கும். அதைத் தவிர்க்கவே, கழுத்தை மட்டும் சில விநாடிகளுக்குச் சுமார் 400 பாகை வரை சூடேற்றுகிறார்கள்; அந்தச் சூடு அடிக்கு இறங்கி அங்கே 250 பாகையைத் தாண்டிவிடாதபடி காக்கிறார்கள். முழுக்கோதையும் காய்ச்சினால் அடியும் மென்மையாகி, சுடும்போது வீங்கி அல்லது கிழிந்து, எரிவாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். மென்மையாகிவிட்ட அடியை மறுபடி விறைப்பாக்க வீட்டில் வழியும் இல்லை; அத்தகைய கோது குப்பைக்குத்தான். இராணுவக் கோதுகளின் கழுத்தருகே காணப்படும் நீலமும் பழுப்புமான நிறமாற்றம் தொழிற்சாலையிலேயே இவ்வாறு காய்ச்சியதன் அடையாளம்.

இது அண்ணாவின் ஊரில் சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இங்கே துப்பாக்கியும் வெடிபொருளும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. விளையாட்டுக்குக்கூட முயல வேண்டாம். இதையொட்டி அச்சுவேலி வாசகர் ஒருவர், வளவு கொத்தும்போது கிடைத்த பழைய கோதுகளை உருக்கி மணி வார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. வெறுமையாகத் தெரியும் கோதின் அடியில் வெடிக்காத மூடி இருக்கலாம், அது கிடந்த மண்ணில் அதைவிடக் கொடியது வேறொன்றும் இருக்கலாம். தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசாருக்கு 119இல் அறிவியுங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் பித்தளைக் குடம் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய சாமான் அறையில் பல வருடமாகக் கிடந்தது. யாரும் தொடாமலே விளிம்பிலிருந்து கீழாக வெடித்திருக்கிறது. எப்படி? ஒட்டலாமா?
– வட்டுக்கோட்டை வாசகி

பதில்: உங்கள் குடத்துக்கு நேர்ந்தது பிரித்தானிய இந்தியாவின் படைக் களஞ்சியங்களில் ரவைக்கோதுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. மழைக்காலம் முடிந்து பார்த்தால், சுடப்படாத கோதுகள் கழுத்தில் வெடித்திருந்தன. பருவ மழைதான் காரணமென்று முதலில் எண்ணினார்கள். மூர், பெக்கின்சேல், மலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1921இல் விளக்கிய பிறகே உண்மை தெளிவானது: பக்கத்துக் குதிரை லாயங்களின் மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா ஈரக்காற்றில் கலந்து, இழுத்து அடித்ததால் உள்ளே இறுக்கம் தேங்கியிருந்த பித்தளையின் மணி விளிம்புகளை அரித்துப் பிளந்திருந்தது. இறுக்கம் மட்டும், அமோனியா மட்டும் என்றால் பிளக்காது. இரண்டும் கூடினால்தான் ஆபத்து. குதிரைக்குப் பதில் மாடு என்பதே உங்கள் வீட்டில் வித்தியாசம். குடத்தின் விளிம்பைச் செய்தவர் கடைசியாக அடித்து மடித்துவிட்டுக் காய்ச்சாமல் விட்டிருக்க வேண்டும்.

ஒட்டலாம், ஆனால் நேரே பற்றாசு வைக்கச் சொல்லாதீர்கள். உள்ளிறுக்கம் தீராத பித்தளையில் உருகிய பற்றாசு பட்டால் வெடிப்பு இன்னும் ஓடக்கூடும். முதலில் வெடிப்பின் நுனியில் சிறு துளையிட்டு அதை நிறுத்த வேண்டும். பிறகு குடம் முழுவதையும் 250 முதல் 300 பாகை வரையான சூட்டில் ஒரு மணி நேரம் அளவில் வைத்து எடுத்தால், குடம் பெரிதும் மென்மையாகாமலே உள்ளிறுக்கம் தளரும். அதன் பின்னரே பற்றாசு. சாமான் அறையை மாற்ற முடியாவிட்டால் குடத்தை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அந்த அறையில் வேறு பித்தளை இருந்தால், குறிப்பாக விளிம்பு மடித்த தாம்பாளங்கள் இருந்தால், அவற்றையும் கூட எடுத்துவிடுங்கள்.