கவுன்சலிங் படிப்பு: சேரும் முன் கேளுங்கள், சேர்ந்தபின் எழுதுங்கள்

கேள்வி: நான் பி.காம். முடித்தவள், வயது 29. ஆறு வயதில் மகன் இருக்கிறான். தொண்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். அங்கு வரும் பெண்களிடம் பேசிப் பேசி, கவுன்சலிங்கை முறையாகப் படிக்கும் ஆசை வந்துவிட்டது. ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ, தொலைநிலை எம்.எஸ்சி., இரண்டு வருட ரெகுலர் எம்.எஸ்சி. – எதில் சேரலாம்? ஆங்கிலம் எனக்குச் சுமார்தான். சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரி, ரெகுலர் எம்.எஸ்சி.யில் சேருங்கள்.

ஆறு மாத டிப்ளமோ ஓர் அறிமுகம், அவ்வளவுதான். முடித்ததும் ‘தெரபிஸ்ட்’ என்று பலகை மாட்டலாம் என விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். தொலைநிலைக்கு வழியே அடைபட்டுவிட்டது. உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளில் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவிட்டிருக்கிறது. இன்னமும் யாராவது ‘சேர்க்கை நடக்கிறது’ என்று அழைத்தால் பணம் கட்டாதீர்கள். ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: எம்.எஸ்சி. கவுன்சலிங் முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) ஆகிவிட மாட்டார். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும், அங்கே பதிவும் வேண்டும்.

இனி கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் சைக்காலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கிலும் இந்தப் படிப்பு உண்டு. சில இடங்களில் இளநிலையில் உளவியல் படித்திருக்க வேண்டும். சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும். பி.காம். என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் தகுதிப் பகுதியை முதலில் பாருங்கள்.

கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. படிக்கும்போதே நீங்கள் எத்தனை மணி நேரம் நிஜ மனிதர்களோடு உட்காருவீர்கள்? அதை யார் மேற்பார்வை செய்வார்? அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் சி.ஏ.சி.ஆர்.இ.பி. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்புகளில் 700 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம்; அதில் குறைந்தது 280 மணி நேரம் கிளையன்ட்டோடு, அதாவது ஆலோசனைக்கு வருபவரோடு, நேரடியாகச் செலவிட்டதாக இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் இது இடத்துக்கு இடம் மாறும். அதனால் துறைத் தலைவரிடமே கேளுங்கள்: நேரடி மணி நேரம் எவ்வளவு? கிளையன்ட்டை மாணவர்களே தேடிப் பிடிக்க வேண்டுமா, கல்லூரி ஏற்பாடு செய்யுமா? சூப்பர்விஷன் வாரா வாரம் நடக்கிறதா? ஒரு சூப்பர்வைசரிடம் எத்தனை மாணவர்கள்? அவர் இப்போதும் கிளையன்ட்டைப் பார்க்கிறாரா? மணிக்கணக்கு சொல்லாமல் ‘இன்டர்ன்ஷிப் உண்டு’ என்று மட்டும் பதில் வந்தால், இரண்டு மாதம் மருத்துவமனை மூலையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்குவதாகக்கூட அது இருக்கலாம். இறுதியாண்டு மாணவர் இருவரிடம் தனியே பேசினால் உண்மை தெரிந்துவிடும்.

சேர்ந்தபின் உங்களை வளர்க்கப்போவது பேச்சை எழுதிப் பார்க்கும் பழக்கம். சக மாணவியோடு செய்யும் பயிற்சி உரையாடலை அவர் சம்மதத்துடன் பதிவு செய்து, அதில் பத்து நிமிடத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். தாளை நெடுக்காக மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நேரம் எனக்குள் ஓடியது. அலுப்பான வேலைதான். ஆனால் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் அங்கேதான் அகப்படும். ‘ஏன் அப்படிச் செஞ்சீங்க?’ என்று விசாரணை மாதிரி கேட்பது, ‘எல்லாம் சரியாயிடும்’ என்று அவசரமாகத் தேற்றுவது, ஐந்து விநாடி மௌனத்தைத் தாங்காமல் அறிவுரையில் இறங்குவது. நம் ஊரில் வருகிறவர்களே ‘நீங்களே ஒரு வழி சொல்லுங்கக்கா’ என்பார்கள். அந்த அழைப்புக்கு உடனே இணங்காமல் இருக்கப் பழகவே ஒரு வருடம் ஆகும். அக்கறையுள்ள மனம் உங்களுடையது. அந்த மனம்தான் அறிவுரைக்கு முதலில் துள்ளும்.

ஆங்கிலம் பற்றிய பயம் வேண்டாம். பாடப் புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கும். தினம் நான்கு பக்கம் அகராதியோடு படித்தால் ஒரு செமஸ்டரில் பழகிவிடும். சிரமம் எதிர்ப்பக்கம் வரும். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் பேசத் தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள். மனவேதனையை ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை பாரமா இருக்கு’ என்று உடம்பு வழியாகச் சொல்பவர்கள் அதிகம். அதைக் கேட்டுப் பழகிய காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சி உரையாடல்களைத் தமிழிலேயே செய்யுங்கள்.

களத்துக்குப் போகும் முன், ரகசியம் காப்பதன் எல்லைகளைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. இதை முதல் சந்திப்பிலேயே கிளையன்ட்டிடம் சொல்லிவிட வேண்டும். தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘ஆம்’ என்றால் தனியாகச் சுமக்காமல் அன்றே சூப்பர்வைசரிடம் போங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. கிளையன்ட்டிடமும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

உங்களுக்கும் ஒரு கவுன்சலர் வேண்டும். பிறர் கதையைக் கேட்கும்போது சொந்தக் காயங்கள் கிளறப்படும். ஆனால் மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் அந்த உதவிக்காகப் போகாதீர்கள். இருவருக்குமே அது சிக்கலாகும்.

கடைசியாக, வேலையும் குழந்தையும். களப்பயிற்சி பெரும்பாலும் வார நாட்களில், பகலில்தான் வரும்; பள்ளிகளும் மருத்துவமனைகளும் அப்போதுதான் இயங்குகின்றன. முதல் வருடம் பகுதி நேர வேலையோடு சமாளித்தாலும், பயிற்சி செமஸ்டரில் சம்பளம் இருக்காது என்றே கணக்குப் போடுங்கள். மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.