எந்த மருத்துவக் கல்லூரியில் சேர்வது? வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

எம்பிபிஎஸ் சீட்டுக்கான கவுன்சலிங் நெருங்கிவிட்டது. நான் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவள், இப்போது தண்டையார்பேட்டையில் கிளினிக் நடத்துகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருவொற்றியூர் மாணவி: அக்கா, என் ரேங்குக்கு எம்எம்சி (சென்னை மருத்துவக் கல்லூரி), ஸ்டான்லி இரண்டுமே கிடைக்கும். எல்லாரும் எம்எம்சிதான் என்கிறார்கள். அம்மாவுக்கு ஸ்டான்லியில் வாரம் 3 நாள் டயாலிசிஸ். நான்தான் கூடப் போகிறேன்.

எம்எம்சி 1835-இல் தொடங்கிய கல்லூரி. அந்தப் பெயரின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டிலும் 250 இடங்கள், ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே தேர்வு. நாளைக்கு பிஜி (மேற்படிப்பு) சீட் கொடுப்பது நீட் பிஜி தேர்வு ரேங்க். எம்பிபிஎஸ் எங்கே படித்தாய் என்று அங்கே கேட்பதில்லை. கை அறுவை சிகிச்சைக்கு ஸ்டான்லியைத் தேடி வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள்.

தூரத்தை வைத்தும் முடிவெடுக்காதே. மெட்ரோவில் ஸ்டான்லிக்கு இறங்கும் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி மூன்று ஸ்டேஷன் போனால், எம்எம்சிக்கு இறங்கும் சென்ட்ரல். உனக்குச் சிக்கல் வருகைப்பதிவில்தான் வரும். தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேண்டும், வாரம் 3 நாள் வகுப்பை விட முடியாது. டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, தலைசுற்றல் அடங்கட்டும் என்று அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய். ஸ்டான்லி என்றால் மதிய இடைவேளையில் ஒரு நடை வந்து பார்த்துவிடலாம். அதனால் விருப்பப் பட்டியலில் ஸ்டான்லியை முதலில் போடு. அம்மாவைக் கூட்டிப்போய் வர சித்தியிடமோ மாமாவிடமோ இப்போதே பேசி வை.

காசிமேடு, ஒரு தந்தை: மகனுக்கு ராமநாதபுரம் அரசுக் கல்லூரி கிடைக்கும்போல் இருக்கிறது. அவ்வளவு தூரமா என்று அவன் அம்மா அழுகிறாள். படகை விற்றால் சென்னைக்குப் பக்கத்திலேயே தனியாரில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கலாம்.

படகை விற்காதீர்கள் அண்ணே. எம்பிபிஎஸ் நாலரை வருடம், அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி, அதற்குமேல் எம்டி மேற்படிப்பு என்றால் இன்னும் 3 வருடம். அத்தனை வருடமும் வீட்டில் வருமானம் வேண்டும். ராமநாதபுரம், 2022-இல் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்று. புதுசு என்பதால் வழிகாட்ட சீனியர்கள் குறைவுதான், ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் கையால் வேலை பழகலாம். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

வியாசர்பாடி மாணவி: நான் காதலிக்கிறவரும் நானும் ஒரே கல்லூரியில் சேர, நல்ல கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளலாமா?

வேண்டாம்மா. அவருக்கு எது கிடைக்கும் என்பது உன் கையில் இல்லை. சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் நம்பாதே.

எண்ணூர் மாணவி: 23 வயதில் கல்யாணம் என்று வீட்டில் உறுதியாக இருக்கிறார்கள். எனக்கு எம்டி படிக்க ஆசை.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே எனக்குக் கல்யாணம் ஆனது. பிரசவ வார்டில் நைட் டியூட்டி முடித்து வந்து அடுப்படியில் நிற்பேன். புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வரும். பிஜி தேர்வை இரண்டு முறை கோட்டை விட்டேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், முதல் பிஜி தேர்வு முடியும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று சேருவதற்கு முன்பே அப்பாவிடம் பேசிவிடு. இன்னொரு வழியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு வேலையில் சேர்ந்தால், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் மாநில பிஜி இடங்களில் அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீதம் இருக்கிறது. குடும்பத்தோடு இருந்துகொண்டே அதற்குப் படிக்கலாம்.

கொடுங்கையூர் மாணவர்: ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய் வருவதா?

முதல் வருடம் ஹாஸ்டல், தம்பி. எங்கள் பக்கத்து ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்று நின்றே எனக்குப் பல அனாடமி வகுப்புகள் போயின.

ராயபுரம், ஒரு தாய்: சேருமுன் எதைப் பார்த்து வரச் சொல்கிறீர்கள்?

காலை எட்டு மணிக்குக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓபி (வெளிநோயாளிகள்) வரிசையைப் பாருங்கள். அப்புறம் வெளியே டீக்கடையில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளிடம், கடைசியாக எப்போது தூங்கினீர்கள், ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், அவளே கேட்கட்டும்.