ஒரே கிணறு, நாலு முறை: கூடி முடிவெடுக்கிறது பற்றிய கேள்வி பதில்

கூட்டுறவுச் சங்கங்களுக்கு கன வருசம் பயிற்சி குடுத்தவன் எண்டபடியால் கேளுங்கோ எண்டன்.

கேள்வி (கோப்பாய்): எங்கட பங்குக் கிணத்தை ஆழமாக்க நாலு பேரும் ஓம் எண்டம். தண்ணி உவராப் போச்சு. இப்பிடி நடக்குமெண்டு ஒராளுக்கு முதலே தெரியுமாம், சொல்லேல்ல. ஏன் ஐயா?

பதில்: எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேலதான் நிக்குது. கூடத் தோண்டினால் உவர் மேல ஏறும். பங்குக் கிணத்தில ஒவ்வொருத்தரும் முறை வைச்சுத்தானே தண்ணி இறைக்கிறது; அதைத் தெரிஞ்சவரிட முறை எத்தினையாவது? கடைசி எண்டு நினைக்கிறன். அவரிட முறை வரேக்க கிணறு வத்தியிருக்கும். ஆழமாக்கினால் தனக்கும் தண்ணி மிஞ்சுமெண்ட ஆசையில வாயை மூடியிருப்பார். ஒவ்வொருத்தரும் தன்ர தோட்டத்தை மட்டும் நினைச்சு வந்தால், தெரிஞ்சதுகூட வெளியில வராது. பிழையான முடிவு அங்கதான் பிறக்குது.

கேள்வி (நல்லூர்): அப்ப எல்லாருக்கும் ஒரே இலக்கு எண்டால் காணும்தானே?

பதில்: காணாது தங்கச்சி. 1985இல ஸ்டாசர், டைட்டஸ் எண்ட ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களைக் குழுக்களா இருத்தி, ஒரு கற்பனை வேட்பாளரைத் தெரிவு செய்யச் சொன்னவை. ஆளாளுக்கு வேற வேற தகவல். எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தால் நல்லவர் ஆரெண்டு விளங்கும். எல்லாருக்கும் நோக்கம் ஒண்டுதான். ஆனாலும் எல்லாருக்கும் முதலே தெரிஞ்சதையே திருப்பித் திருப்பிக் கதைச்சினம். அதனாலதான், "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?" எண்டு வரிசையாக் கேக்கவேணும். தலைவர் கடைசியாத்தான் வாய் திறக்கவேணும்.

கேள்வி (மானிப்பாய்): தலைவர் அனுபவசாலி எண்டால்?

பதில்: அப்பவும் கடைசிதான். அவர் சொன்னாப் பிறகு ஆர் மறுத்துக் கதைப்பினம்?

கேள்வி (சாவகச்சேரி): தலைவர் முதல்ல தன்ர கருத்தைச் சொல்லலாமோ?

பதில்: மேல பாருங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): பொது இலக்கு சும்மா கதை. மனிசன் தன்ர லாபத்தைத்தான் பாப்பான்.

பதில்: பாக்கட்டும். கரையில நிண்டு கன பேர் சேர்ந்து இழுக்கிற கரைவலையில, மீனில கிடைக்கிற பங்குதான் கூலி. வலை வெறுமனே வந்தால் எல்லாருக்கும் வெறுங்கை.

அதே ஆள்: வலைச் சொந்தக்காரர் சம்மாட்டிக்குப் பங்கு கூட. அதுவும் ஒரே இலக்கோ?

பதில்: நல்ல கேள்வி, இதில நிண்டு யோசிக்கவேணும். பங்கு சமனா இருக்கத் தேவையில்லை. ஒருத்தருக்குக் கூடேக்க மற்றவருக்கும் கூடவேணும். ஆனால் அந்தப் பங்கை ஆர் தீர்மானிக்கினம் எண்டது பெரிய விசயம். 2009இல நோபல் பரிசு வாங்கின எலினர் ஒஸ்ட்ரோம், பொதுவளத்தைப் பாவிக்கிற ஆக்களே விதி வகுக்கிற இடங்களில அந்த வளம் நிலைக்கிறதைக் காட்டினவ. இழுக்கிறவையைக் கேக்காமல் பங்கு பிரிச்சால், நீங்கள் சொல்லுறதுதான் சரி.

கேள்வி (சுன்னாகம்): கிணறு திருத்த மானியம் எடுக்கலாமோ?

பதில்: கமநல சேவை நிலையத்தில கேளுங்கோ.

கேள்வி (கோப்பாய், திரும்பவும்): அவரோட இப்ப கதை பேச்சில்லை. என்ன செய்ய?

பதில்: நீங்களே போய்க் கதையுங்கோ தம்பி. முறையைச் சுத்தி விடுங்கோ: இந்தத் தரம் கடைசி ஆள், அடுத்த தரம் முதல் ஆள். அதை எழுதி நாலு பேரும் கையெழுத்து வையுங்கோ. கிணத்தைப் பற்றின கதை அதுக்குப் பிறகு.