சித்திக்குத் தெரிந்தது

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

பெண்களின் அனுபவத்தில் தனித்த அறிவு இருக்கிறது என்கிறது பெண்ணியம். ‘பெண்’ என்ற வகையே நிலையற்றது என்கிறது, பாலினம், பாலீர்ப்பு பற்றிய வகைப்பாடுகளைக் கேள்விக்குள்ளாக்கும் குயர் கோட்பாடு. இரண்டாவதை ஏற்றால் முதலாவது சரிந்துவிடாதா?

வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகருக்கு,

பெண்ணாகப் பிறந்தாலே உண்மை விளங்கிவிடும் என்று பெண்ணியம் சொல்வதாக எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெண்களின் வாழ்நிலையிலிருந்து பார்த்தால் மற்றவர்க்குப் புலப்படாததும் புலப்படும் என்ற பெண்ணிய நிலைப்பாட்டுக் கோட்பாட்டை 1983இல் முன்வைத்த அமெரிக்க அறிஞர் நான்சி ஹார்ட்சாக், அந்தப் பார்வை பிறப்பால் வாய்ப்பதன்று, அன்றாட உழைப்பை ஆராய்ந்தும் போராடியும் பெற வேண்டியது என்றே எழுதினார். நம் வீடுகளில் தங்கி வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு, யார் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தார், பாட்டியின் எந்த மாத்திரை தீரப்போகிறது என்பதெல்லாம் முதலில் தெரியும். அவர் செய்யும் வேலை அதைக் கற்றுத்தருகிறது.

குயர் கோட்பாடு இதனோடு சேர்ப்பது அறியாமை பற்றிய ஆய்வை. அறியாமை வெறும் வெற்றிடமன்று, அதிகாரத்தோடு சேர்ந்து இயங்குவது, மௌனமும் ஒரு செயல் என்று 1990இல் அமெரிக்க இலக்கிய அறிஞர் ஈவ் கொசோஃப்ஸ்கி செட்ஜ்விக் காட்டினார். இங்கே 1938இல் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்க ஒப்புதல் அளித்த 377ஏ சட்டப்பிரிவு, ஆண்களுக்கிடையிலான பாலுறவை மட்டுமே குற்றமாக்கியது. பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைச் சலுகை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடுக்கும் அளவுக்குக்கூடப் பெண்களின் விருப்பம் ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்.

இரண்டு பெண்கள், முப்பத்தைந்து வயதைக் கடந்த தனியர்கள் என்ற முறையில், சேர்ந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கி வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு வரும் சித்தி, அறையில் ஒரே கட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, “தோழிக்கு எந்த அறை?” என்று கேட்காமல் முறுக்குத் தட்டை வாங்கிக்கொள்கிறார். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள அவர் எடுக்கும் சிரத்தையை ஆராயும் கருவி குயர் கோட்பாட்டிடம் இருக்கிறது. அந்தச் சுமை ஏன் சித்தியின் தலையில் மட்டும் விழுகிறது, சித்தப்பா ஏன் வரவேற்பறையைத் தாண்டாமலே நிம்மதியாக இருக்க முடிகிறது என்று கேட்பது பெண்ணியம். ஒன்றை விட்டால் அந்த வீட்டின் பாதிதான் நமக்குப் புலப்படும்.

மெய்யான மோதல், திருநங்கையரின் அனுபவம் பெண்களின் அறிவில் சேருமா என்பதில்தான் எழுகிறது. சேரும் என்பதே என் முடிவு. பிறப்பைக் காட்டி மறுக்கும் பெண்ணியர், நிலைப்பாடு பிறப்பால் வருவதன்று என்ற தம் அடிப்படையையே கைவிட்டுவிடுகிறார்.